தட்டாமல் விட்ட கதவு

எங்கள் கந்தோரில் அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘ரெண்டு மணித்தியாலம்’. ‘ரெண்டு மணித்தியாலம் வந்திட்டுது’, ‘ரெண்டு மணித்தியாலம் பிளானைத் திருப்பி அனுப்பிட்டுது’ என்றுதான் பேச்சு. தாய் தகப்பன் வைத்த பெயரும் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயருக்கு நாங்கள் செய்தது போதும்.

மன்னார்ப் பக்கத்துப் பிரதேச சபைக் கந்தோர் ஒன்றில் அவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர். வீடோ கடையோ கட்டுகிறவர்கள் கொடுக்கும் பிளானைப் பார்த்து, பிறகு இடத்தைப் போய்ப் பார்த்து, சரி பிழை சொல்வது அவர் வேலை. அந்தப் பிளான்களை வாங்கிப் பதிந்து கோவையில் போடுவது என் வேலை. ஏழு வருடம் எதிரெதிர் மேசையில் இருந்தோம். அவர் உயிலங்குளத்தில் இருந்து ஸ்கூட்டியில் வருவார். பாலத்துக் காற்றில் தலைமயிர் கலைந்து, அதைச் சரிசெய்யாமலே வேலையைத் தொடங்குவார்.

எந்தச் சுவரைக் கண்டாலும் நடுவிரல் முட்டியால் இரண்டு தரம் தட்டுவார். கலியாண வீடு, ஆஸ்பத்திரி, கோயில், தேத்தண்ணிக் கடை, வித்தியாசம் இல்லை. தட்டிவிட்டு ஒரு நேரத்தைச் சொல்வார். மற்றவர்கள் ‘நல்ல வடிவான வீடு’ என்று சொல்லும் இடத்தில் இவர் ‘ஒரு மணித்தியாலம்’ என்பார். கதவென்றால் ‘பத்து நிமிசம்’. புதுவீடு குடிபூருகிற நாளில், பாற்சோற்றை வாயில் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரிடம் அவருடைய அறைக்கதவு பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு வந்த மனுஷி அவர். நெருப்புப் பிடித்தால் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் கணக்கு. அதை விளங்கிக்கொண்ட பிறகு யாரும் அவரைக் குடிபூரலுக்குக் கூப்பிடவில்லை.

நான் அறிய, அவர் தட்டாமல் விட்ட கதவு ஒன்றே ஒன்றுதான். அவர் கையைத் தூக்கினார். தட்டவிடாமல் செய்தது நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் மனுஷியைச் சொல்லாமல் கதவை மட்டும் சொன்னால் அது இன்னுமொரு பொய்யாகப் போய்விடும்.

அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. படிக்கிற காலத்தில் போட்டோக்கொப்பி எடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டியது. முழுக்க அட்டவணை. கட்டடப் பொருட்களை உலையில் வைத்துப் பரிசோதித்து வெளியிட்ட நேரங்கள். சீமெந்துக் கல் இத்தனை அங்குலம், பூச்சு இத்தனை, நேரம் இத்தனை. செங்கல், கொங்கிரீட் தட்டு, இரும்பு வளை, மரக்கதவு என்று பக்கம் பக்கமாகப் போகும். மற்றப் பெண்கள் மதிய இடைவேளையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் பார்ப்பார்.

ஒருநாள் எப்படிப் பரிசோதிப்பார்கள் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் தொடர்ந்து கதைத்ததைக் கண்டேன். ஒரு முழுச் சுவரைக் கட்டி, காயவிட்டு, ஒரு பக்கம் உலையைப் பொருத்தி மூட்டுவார்களாம். மற்றப் பக்கத்தில் ஆட்கள் நிற்பார்களாம். சுவர் விழுகிறதா என்று பார்ப்பார்கள். மற்றப் பக்கம் சுடுகிறதா என்று பார்ப்பார்கள். வெடிப்பு ஏதும் விட்டால் அதற்கு நேரே ஒரு பஞ்சுத் துண்டைப் பிடிப்பார்கள். பஞ்சு பற்றினால் முடிந்தது. அந்த நேரத்தை எழுதிக்கொள்வார்கள்.

“அங்கால எரியும், இஞ்சால பஞ்சு பத்தாது. அதுதான் தங்கச்சி சுவர் எண்டிறது” என்றார்.

புத்தகத்தில் உள்ளதை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளவும் மாட்டார். புத்தகத்துக் கொங்கிரீட் உப்புத் தின்னாத கொங்கிரீட். எங்கள் மன்னார்த் தீவில் கடற்கரை மண்ணைக் கழுவாமல் போட்டுக் கட்டுவார்கள், உள்ளே கம்பி துருப்பிடித்துப் பூச்சைத் தள்ளிக்கொண்டு வரும். ஆகவே கட்டுகிற இடத்துக்குப் போனால் மண் கும்பியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். துப்புவார். “கழுவுங்கோ” என்பார். மேசன்மார் மத்தியில் அவருக்கு ‘மண்தின்னி’ என்று இன்னொரு பெயர். அது அவர் காதிலும் விழுந்தது. கறிக்கு உப்புப் பார்க்கிறவளைச் சமையற்காரி என்கிறீர்கள், மண்ணுக்கு உப்புப் பார்த்தால் மண்தின்னியோ என்று ஒரு மேசனிடம் கேட்டாராம். பகிடியாகக் கேட்டாரா, கோபமாகக் கேட்டாரா என்று அந்த மனிசனுக்கே விளங்கவில்லை.

ஒருமுறை ஒரு பங்குத் தந்தை மண்டபம் கட்டப் பிளான் கொண்டு வந்தார். கூரையைத் தாங்கும் உத்திரமாக இரும்பு வளைகள். இரும்பு எரியாதே மிஸ், பிறகென்ன யோசனை என்றார் சிரித்துக்கொண்டு. இவர் புத்தகத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். இரும்பு எரியாதுதான், ஆனால் சுட்டால் வளையும். மேலே ஒன்றும் பூசாமல் விட்டால் கால் மணித்தியாலத்தில் இளகித் தொங்கிவிடும். தடித்த மரவளை கருகிக் கருகி அதைவிடக் கூட நேரம் நிற்கும் என்று காட்டினார். சுவாமி சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தை இரண்டாம் தரம் வாசித்தார். அந்த மண்டபத்துக்குக் கடைசியில் இவர் சொன்னபடி நான்கு வாசல் விட்டார்கள். பெருநாளுக்கு நெரிசல் இல்லாமல் சனம் வெளியே வருவதைப் பார்த்து, சுவாமியின் யோசனை நல்ல யோசனை என்று ஊர் புகழ்ந்தது. இவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை.

உங்களுக்கு ஏன் மிஸ் இந்த நெருப்பில் இவ்வளவு பிடிப்பு என்று நான் ஒருதரம் கேட்டேன்.

“எங்கட வீடு தென்னோலைக் கிடுகு வீடு. கிடுகுக்குப் புத்தகத்தில நேரம் போடேல்ல. நான் முழுக்கத் தேடிப் பாத்தனான்” என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. எந்த வீடு, எந்த வருடம் எரிந்தது என்று நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்பதில்லை.

இனி எங்கள் வீட்டைச் சொல்லலாம். தலைமன்னார் வீதியில் ஐயா விட்டுப்போன காணியில், அக்காவுக்கும் எனக்கும் சீதனமாக ஒரு கூரையின் கீழ் இரண்டு வீடு கட்ட அம்மா முடிவெடுத்தார். நடுவில் ஒரு சுவர். அதில் ஒரு கதவு. ஒரு மகள் வீட்டில் குழம்பு வைத்துவிட்டு மற்ற மகள் வீட்டுக்கு வெயிலில் இறங்காமல் போய்வரலாம் என்பது அம்மாவின் கணக்கு. சகோதரிகளுக்குப் பிரித்துக் கட்டுகிற வீடுகளில் எல்லோரும் விடுகிற கதவுதான் அது.

பிளானைப் பார்த்தவர் அந்தக் கதவைச் சிவப்புப் பேனையால் வெட்டினார். அக்காவின் புருசன், எங்கள் அத்தான், பைபர் வள்ளம் திருத்துகிறவர். சட்டென்று பற்றுகிற ரெசினும் பெற்றோலும் அவரைச் சுற்றித்தான் இருக்கும். வேலையெல்லாம் கடற்கரை வாடிக் கொட்டிலில்தான், வீட்டில் ஒன்றும் வைக்கமாட்டார் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அம்மாவே கந்தோருக்கு வந்து, தாயும் பிள்ளையும் போய்வருகிற வாசலைப் பிள்ளை ஏன் மறிக்கிறாய் என்று கேட்டார்.

“அம்மா, சுவர் ரெண்டு மணித்தியாலம். கதவு பத்து நிமிசம். கதவு வைச்சா உங்கட சுவரும் பத்து நிமிசம்தான்.”

அம்மாவுக்கு அது திமிராகப் பட்டது. மிஸ் கோபிக்காமல் பிளானில் வேறொன்றை வரைந்து காட்டினார். இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக ஒவ்வொரு பின்கதவு. உள்ளுக்குள் வழி கேட்காதீர்கள், வெளியே போக இரண்டு வழி விடுங்கள் என்றார். அந்த நிபந்தனையை எழுதிக் கையெழுத்தும் வைத்தார். அம்மா வீட்டுக்கு வந்து மூன்று நாள் என்னோடும் கதைக்கவில்லை, அவரோடு ஒரே அறையில் வேலை செய்கிறேன் என்பதற்காக.

வீடு எழும்பியது. எல்லோரையும் போல நாங்களும் சபைச் சான்றிதழுக்கு முதலே குடிபுகுந்தோம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத் தொடங்கியது. எங்கள் பின்பக்கம் கடல் பார்த்த பக்கம். சோளகக் காலத்தில் அந்தப் பக்கம் கதவு ஒன்று இருந்தால் வீட்டுக்குள் மண்ணை அள்ளிக் கொட்டினது போலத்தான். என் வீட்டுப் பின்கதவைப் பக்கத்து வளவு மதில் கொஞ்சம் காத்தது. அக்கா வீட்டுக் குசினிக்குள் சோற்றுப் பானை, பிள்ளையின் பால்போத்தல், பாய், எல்லாவற்றிலும் மண். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் அந்தப் பின்கதவுக்கு உள்பக்கமாகச் சீமெந்துக் கல் அடுக்கிப் பூசிவிட்டார். முன்னால் அலுமாரியை நகர்த்தி வைத்தார். வெளியே நின்று பார்த்தால் கதவு கதவாகவே இருந்தது.

அடுத்த கிழமை சான்றிதழுக்காக மிஸ் வந்தார். அவருடைய ஸ்கூட்டியின் பின்னால் இருந்து நானும் வந்தேன். உள்ளே வந்து ஒவ்வொரு சுவராகத் தட்டினார். நடுச்சுவருக்கு வந்ததும் தட்டிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்து, “ரெண்டு மணித்தியாலம்” என்றார். தன் பட்டப்பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் வீட்டுப் பின்கதவைத் திறந்து வெளியே போனோம். மண் முகத்தில் அடித்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அக்கா வீட்டுப் பின்கதவடிக்குப் போய்க் கையைத் தூக்கினார்.

“மிஸ், மண் அடிக்குது, வாங்கோ. அந்தக் கதவு சரி. நான் நேற்றுத் திறந்து பாத்தனான்.”

அவர் என்னைப் பார்த்தார். நாள்தோறும் எதிர் மேசையில் இருக்கிறவளை ஒருவர் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தார். கையை இறக்கினார். தாளில் சரி போட்டார்.

ஏன் சொன்னேன் என்றால், பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சான்றிதழ் இருந்தால்தான் அக்கா வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வரும். கைக்குழந்தையோடு அவள் பக்கத்து வீட்டுக் கிணற்றில் அள்ளிக்கொண்டிருந்தாள். கதவைப் பிழை என்று எழுதினால் கல்லை உடைத்து, திரும்ப விண்ணப்பித்து, திரும்பக் காத்திருக்க வேண்டும். சோளகம் முடியட்டும், கல்லை எடுக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். சோளகம் முடிந்தது. நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாலைந்து சோளகம் வந்து போனது. வாடியில் களவு கூடிப்போய், அத்தான் ரெசின் கான்களை முன்விறாந்தைக்குக் கொண்டுவந்து அடுக்கத் தொடங்கினார். அதையும் நாள்தோறும் கண்டேன்.

நெருப்புப் பிடித்தது ஒரு முற்பகலில். அத்தான் கடற்கரையில். பிள்ளை பள்ளிக்கூடத்தில். நான் கந்தோரில். முன்விறாந்தையில் எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அக்கா குசினிக்குள் இருந்தாள். யன்னல்கள் எல்லாவற்றுக்கும் இரும்புக் கம்பி. அயலட்டம் ஓடிவந்து பின்கதவை இழுத்துத் திறந்தபோது உள்ளே கல். அலவாங்கால் இடித்தார்கள். அத்தான் நல்ல கலவை போட்டிருந்தார். அம்மா சுவருக்கு இந்தப் பக்கம், என் வீட்டில் இருந்தார். தன் காதில் விழுந்ததை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை.

நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அழுகை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை, வரும் வரும் என்று கொஞ்சக் காலம் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். என் வீட்டுக்குள் போனேன். நடுச்சுவர் அப்படியே நின்றது. அதில் கொழுவியிருந்த கலண்டர் சுருளக்கூட இல்லை. சுவரோடு அம்மா சாய்த்து வைத்திருந்த இலவம்பஞ்சுத் தலையணை வெள்ளையாகவே இருந்தது. புத்தகத்தில் போட்டது பிழையாகப் போகவில்லை.

மிஸ்ஸும் வந்தார். என் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கனநேரம் நின்றார். தட்டவில்லை. பிறகு பின்பக்கம் போய், உடைத்துப் போட்டிருந்த கற்களையும் அதில் இருந்த பழைய பூச்சையும் பார்த்தார். அது நேற்று முந்தநாள் வைத்த கல்லல்ல என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் அவருக்குக் கடன்பட்ட சொல் இரண்டே இரண்டுதான், ‘நான்தான் மிஸ்’. வாயைத் திறக்கவில்லை.

செத்தவீட்டில் அம்மா அவரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“எல்லாத்துக்கும் நேரம் சொல்லுவாய். என்ர பிள்ளைக்கு எத்தினை நிமிசம், சொல்லு.”

முற்றத்தில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. ரெசின் எரிகிற வேகமும், விறாந்தையின் நீளமும், குசினிக் கதவின் பலகையும் தெரிந்த ஒரே மனுஷி அங்கே அவர்தான். மனதுக்குள் அவர் கணக்குப் பார்த்ததை நான் கண்டேன். அந்த நேரத்தை நானும் கிட்டத்தட்டக் கண்டுபிடித்திருந்தேன், அவரிடம் ஏழு வருடம் கேட்டுக் கேட்டு.

“கனக்க இல்லையம்மா. அவவுக்குத் தெரிஞ்சிராது” என்றார்.

அது பொய். அவர் நேரத்தில் பொய் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அம்மா அவருடைய கையை உதறினார். நடுவில் கதவு விட்டிருந்தால் என் பிள்ளை இந்தப் பக்கம் வந்திருப்பாள், நீதான் வெட்டினாய் என்றார். அதோடு ஊர் பிடித்துக்கொண்டது. சுவர் சுவர் என்று நின்று ஒரு உயிரை எடுத்துவிட்டாள். அடைத்த கதவுக்குச் சரி போட்டுக் கொடுத்தவளும் அவள்தான் என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நான் மூடியிருக்கலாம். எனக்கு ஒரு வசனம் போதும்.

விசாரணை வைத்தார்கள். அத்தான், கதவை அடைத்தது சான்றிதழுக்கு முதல் என்று உள்ளதைச் சொன்னார். என்னை எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், கூப்பிடவே இல்லை. பிறகுதான் மிஸ்ஸின் வாக்குமூலம் பதிவுக்காக என் மேசைக்கு வந்தது. ‘பரிசோதனைக்குத் தனியே சென்றேன். பின்கதவைத் தட்டிப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது.’ மூன்று வசனம். முதலாவது வசனத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு இலக்கம் போட்டுக் கோவையில் வைத்தேன். அதுதானே என் வேலை.

அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். மேசையை ஒதுக்க வந்த நாளில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஏன் மிஸ் தனியே என்று எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் மேசை லாச்சியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்.

“கதவு விட்டிருந்தா அக்கா வந்திருப்பா. அதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனா உங்கட அம்மாவுக்கு இப்ப ஒரு மகள்தான் இருக்கு, தங்கச்சி. உண்மையைச் சொன்னா அதுவும் இல்லாமல் போயிடும்.”

புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திரும்ப வேலைக்கு வரவில்லை. உயிலங்குளத்தில் தமையனோடு வயல் பார்க்கிறார் என்று கேள்வி. ‘ரெண்டு மணித்தியாலம்’ என்ற பெயர் மட்டும் எங்கள் கந்தோரில் நின்றது. பகிடிக்கு அல்ல, வசைக்கு.

அத்தான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விடத்தல்தீவில் இருக்கும் தன் தாயிடம் போய்விட்டார். அக்கா வீட்டுப் பக்கம் கூரை இல்லை. உள்ளே முழங்கால் மட்டும் மண். எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. நானும் அம்மாவும் இந்தப் பக்கம் இருக்கிறோம். மத்தியானத்தில் அம்மா அந்த நடுச்சுவரில்தான் முதுகைச் சாய்ப்பார், குளிர்ச்சியாக இருக்கிறது என்று. ஒவ்வொரு வருடமும் அக்காவின் நினைவுப் பூசை முடிந்து வந்து, சுவரில் சாய்ந்து, மிஸ்ஸைப் பெயர் சொல்லித் திட்டுவார். அவள் குலம் விளங்காது என்பார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

போன வாடைக்காற்றுக் காலத்தில் பூசை முடிந்து வந்த நாள் நல்ல மழை. அம்மா வழமை போலத் தொடங்கினார். அன்றைக்கு ஏன் என்று தெரியவில்லை. துணிவு வந்ததென்று சொல்லமாட்டேன், அலுத்துப்போயிருந்தது.

“அம்மா, அவ தட்டப் போனவ. நான்தான் மறிச்சனான். திறந்து பாத்தனான் எண்டு நான்தான் பொய் சொன்னனான்.”

அம்மா கோப்பையை நிலத்தில் வைத்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். எழும்பிப் போவார் என்று நினைத்தேன். சுவரை விட்டு முதுகை எடுத்து நிமிர்ந்து இருந்தார்.

“அத்தான் கல்லடுக்கினது ஆர் சொல்லி எண்டு நினைக்கிறாய்?” என்றார். “அவர் வேண்டாம் எண்டுதான் சொன்னவர். அந்த மிஸ் எழுதி வைச்சது மாமி, பிறகு பிழையாப் போயிடும் எண்டவர். சோத்துக்குள்ள மண் எண்டு நான்தான் நிண்டு அடைப்பிச்சனான்.”

ஓட்டில் மழை விழுகிற சத்தம். அப்படியானால் ஏனம்மா இவ்வளவு காலமும் அவவைத் திட்டினீர்கள் என்று கேட்டேன்.

“வேற ஆரைப் பிள்ளை திட்டுறது” என்றார் அம்மா.

அத்தான் மாமியாரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மிஸ் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே சுவரடியில் இருந்துகொண்டு ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி அந்த மனுஷியின் தலையில் ஏற்றி வைத்திருந்தோம். இதை எழுதும்போதும் என் நெஞ்சு வலிக்கவில்லை. வலிக்க வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

நாளைக்கே உயிலங்குளத்துக்குப் போய் அவவைப் பார்ப்போம் என்று அம்மா சொன்னார். ஓம் என்றேன். மன்னார் பஸ் நிலையத்திலிருந்து அரை மணித்தியாலம்தான். அது போன வாடையில். இப்போது சோளகம் தொடங்கி, பின்கதவால் மண் வந்து விழுகிறது. நாங்கள் இன்னும் போகவில்லை.